ஆர்.சி.டி. நெட்வொர்க்குக்கு யாரை நாமினேட் பண்றது, எந்த வழியா?

ஒரு திட்டம் வேலை செய்யுதான்னு பாக்க, ஆட்களையோ ஊர்களையோ குலுக்கல் மாதிரி ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கத்துக்கு மட்டும் திட்டத்தைக் கொடுத்து ஒப்பிட்டுப் பாக்கறதுதான் ஆர்.சி.டி., சுருக்கமா ட்ரையல். அதைப் பண்ற ஆராய்ச்சியாளருங்க நெட்வொர்க், ஜே-பால் மாதிரி ஒண்ணுல, நீங்க ஏற்கனவே உள்ள இருக்கீங்கன்னு வெச்சுக்குங்க, இல்லன்னா உள்ள இருக்கற ஒருத்தர் உங்க பேச்சைக் கேப்பார்னு வெச்சுக்குங்க. கையில ரெண்டு பேர் இருக்கு. ஒருத்தர் அமெரிக்காவுல பி.எச்டி. முடிச்சுட்டு இங்க ஒரு புது பிரைவேட் யுனிவர்சிட்டில சேர்ந்திருக்கார், அவரோட கைடே அந்த நெட்வொர்க்குல பெரிய ஆள். இன்னொருத்தங்க இங்கயே ஸ்டேட் யுனிவர்சிட்டில பி.எச்டி. பண்ணி அங்கயே அசிஸ்டென்ட் ப்ரொஃபசரா இருக்காங்க, வருஷக்கணக்கா அங்கன்வாடி பத்தியே வேலை பாத்தவங்க, எந்த ப்ளாக்ல எந்த சூப்பர்வைசர் ரெஜிஸ்டரை உண்மையா எழுதுவாங்க, எந்த சென்டர்ல மாசக் கடைசில மொத்தமா உக்காந்து நிரப்புவாங்கன்னு வரைக்கும் தெரியும், ஆனா சொந்தமா ஒரு ட்ரையல் நடத்தினதில்ல. யார் பேரை அனுப்புவீங்க? பெரும்பாலும் முதல் ஆள் பேர்தான் போகும், ஏன்னா அது சேஃப், யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. நான் ஃபீல்ட் பக்கம் சர்வே டீம் வெச்சு ஓட்டினவன், பேப்பர் எழுதறவங்க கூட்டத்துல ஓரமா உக்காந்திருக்கற ஆள், என் ஓட்டு ரெண்டாவது ஆளுக்குத்தான். ஆனா எந்த வழியா உள்ள கொண்டு வர்றோம், வந்தப்புறம் என்ன கையில கொடுக்கறோம்ங்கறதுலதான் விஷயமே இருக்கு.

ஏன் ரெண்டாவது ஆள்னா, ஆர்.சி.டி. பண்றவங்க எல்லாரும் முதல் க்ளாஸ்ல கத்துக்கற கேள்வி ஒண்ணு இருக்கு, இந்தத் திட்டம் வராம இருந்திருந்தா இதே ஆளுக்கு என்ன ஆயிருக்கும்னு. கன்ட்ரோல் க்ரூப், அதாவது திட்டம் கொடுக்காத பக்கம், வெக்கறதே அதுக்காகத்தான். வேடிக்கை என்னன்னா அதே ஆளுங்க நாமினேஷன்னு வந்துட்டா இந்தக் கேள்வியை மறந்துடறாங்க, "யார் பெஸ்ட்"னு மட்டும் பாக்கறாங்க. முதல் ஆளை நீங்க விட்டாலும் அவரோட கைடு எழுதுவார், கைடு மறந்தா கோ-ஆத்தர் எழுதுவார், ரெண்டு வருஷம் முன்ன பின்ன ஆகலாம், எப்படியும் வந்துருவார். ரெண்டாவது ஆளுக்கு நீங்க எழுதலன்னா எழுத வேற ஆளே கிடையாது. அப்ப உங்க லெட்டரால மாறப்போறது யாரோட நிலைமை?

கொஞ்சம் பின்னணி சொல்லிடறேன். ஜே-பால் 2003ல எம்.ஐ.டி.ல அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, செந்தில் முல்லைநாதன் மூணு பேரும் ஆரம்பிச்சது, 2019ல பானர்ஜியும் டுஃப்ளோவும் மைக்கேல் க்ரீமரும் நோபல் வாங்கினதுக்கப்புறம் பேரு எல்லாருக்கும் தெரியும். சவுத் ஏஷியா ஆபீஸ் நம்ம சென்னையில ஐ.எஃப்.எம்.ஆர்.ங்கற இன்ஸ்டிட்யூட்ல தான் 2007ல தொடங்கினாங்க, 2014ல தமிழ்நாடு அரசோட ஒரு பார்ட்னர்ஷிப்பும் போட்டாங்க, அதனால சென்னைக்காரங்களுக்கு இது தூரத்து ஊர் விஷயம் இல்ல. இதோட அமைப்பு எப்படின்னா, ஆபீஸ்ல இருக்கறவங்க ஸ்டாஃப், ஆனா ஸ்டடிய லீட் பண்றது வெவ்வேற யுனிவர்சிட்டில இருக்கற ப்ரொஃபசருங்க, அவங்கதான் அஃபிலியேட்டுங்க. நெட்வொர்க் திரட்டற பணத்தை இனிஷியேட்டிவ்னு தலைப்பு தலைப்பா பிரிச்சு வெச்சிருக்காங்க, அதுக்கு அப்ளை பண்ண நீங்க அஃபிலியேட்டா இருக்கணும் இல்ல இன்வைட்டட் ரிசர்ச்சரா இருக்கணும். மெம்பர்ஷிப்ங்கறது மெடல் இல்ல, ரேஷன் கடை டோக்கன் மாதிரி, அது இருந்தாத்தான் வரிசையிலயே நிக்க விடுவாங்க, அரிசி கிடைக்குமாங்கறது அப்புறம்.

இதுல இன்னொரு சங்கதி. பல இனிஷியேட்டிவ்ல பி.எச்டி. ஸ்டூடன்ட் கூட சின்ன கிராண்ட்டுக்கு அப்ளை பண்ணலாம், கண்டிஷன் என்னன்னா அவங்க கைடோ கமிட்டி மெம்பரோ நெட்வொர்க்குல இருக்கணும். அதாவது முதல் ஆள் இருபத்தாறு இருபத்தேழு வயசுலயே வரிசையில நின்னாச்சு. ரெண்டாவது ஆள் நாப்பது வயசுல இப்பத்தான் கடை எங்க இருக்குன்னு விசாரிக்கறாங்க. ரெண்டு சி.வி.யையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு "இவருக்கு மூணு ட்ரையல் இருக்கு, இவங்களுக்கு ஒண்ணுமில்ல"ன்னு கமிட்டி சொன்னா அது திறமைய அளந்த மாதிரியா, யாருக்கு முன்னாடியே டோக்கன் கிடைச்சதுன்னு அளந்த மாதிரியா?

மத்த நெட்வொர்க்கும் இருக்கு, சுருக்கமா சொல்றேன். ப்ரெட்னு டெவலப்மென்ட் எகனாமிஸ்டுங்க சங்கம், கௌரவம் ஜாஸ்தி, கான்ஃபரன்ஸ் நல்லா இருக்கும், நம்ம ரெண்டாவது ஆளுக்கு இப்போதைக்கு அதனால பிரயோஜனம் கம்மி. ஈகாப்னு பொலிடிகல் சயின்ஸ் பக்கம் ஒண்ணு, ஒரே கேள்விய பல நாட்டுல ஒரே நேரத்துல ட்ரையல் பண்ற மெட்டகெட்டான்னு ஒரு முறை வெச்சிருக்காங்க, நல்ல யோசனைதான், ஆட்சி நிர்வாகம் தேர்தல்னு வேலை பாக்கறவங்களுக்குப் பொருந்தும். அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டில சேகான்னு இதே மாதிரி ஒரு சென்டர் இருக்கு, அதுக்கு அப்புறம் வரேன். மீதி எல்லாம் ஜே-பாலை வெச்சே பேசறேன், வழிகள் எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட இதே ஜாதிதான்.

முதல் வழி, நேரா ஃபுல் அஃபிலியேட்டா நாமினேட் பண்றது. ஏற்கனவே அஃபிலியேட்டா இருக்கற ஒருத்தர் பேர் கொடுக்கணும், உள்ள பாத்து முடிவெடுப்பாங்க. பி.எச்டி., யுனிவர்சிட்டி வேலை, நல்ல பப்ளிகேஷன், எல்லாத்துக்கும் மேல ரேண்டமைஸ்டு ட்ரையல் நடத்தின ட்ராக் ரெக்கார்ட். கிடைச்சா பெருசு, எல்லா இனிஷியேட்டிவும் திறக்கும், வெப்சைட்ல பேர் போட்டோ வரும், அதைப் பாத்து ஐ.ஏ.எஸ். ஆபீசர் அப்பாயின்ட்மென்ட் கொடுப்பார் (சிரிக்காதீங்க, இது நிஜமாவே வேலை செய்யும்). முதல் ஆளுக்கு இந்த வழி சரி. ரெண்டாவது ஆளுக்கு இது கிட்டத்தட்ட நிச்சயமா திரும்பி வரும், திரும்பி வந்தா நஷ்டம் யாருக்குன்னா அவங்களுக்குத்தான், ஏன்னா அடுத்த தடவை அதே பேர் போகும்போது "இது முன்னாடி வந்த பேர்தானே"ன்னு ஆயிடும். நாமினேட் பண்றவரோட பேரும் கொஞ்சம் தேயும். அவசரப்பட்டு நல்லெண்ணத்துல இத பண்றவங்க நிறைய, பாத்தா பெருந்தன்மையா தெரியும், எனக்கென்னவோ பொறுப்பில்லாத வேலையா படுது.

ரெண்டாவது வழி, இன்வைட்டட் ரிசர்ச்சர். ஒரு குறிப்பிட்ட இனிஷியேட்டிவுக்கோ ரீஜனுக்கோ கூப்பிடறது. ஃபுல் அஃபிலியேட் அளவுக்கு பப்ளிகேஷன் கேக்க மாட்டாங்க, ட்ரெய்னிங் இருக்கா, அந்தத் துறையில ஆழம் இருக்கா, நல்ல கேள்வி கையில இருக்கான்னு பாப்பாங்க. நம்ம அங்கன்வாடி ப்ரொஃபசருக்கு இது அளவெடுத்து தச்ச வழி. கிராண்ட்டுலயும் படி படியா இருக்கு, முதல்ல ப்ரொபோசல் டெவலப்மென்ட், அப்புறம் பைலட், அப்புறம்தான் ஃபுல் ட்ரையல். முதல் படி தொகை சின்னதுதான், ஆனா டிபார்ட்மென்ட் ஆபீசருங்களப் பாக்கப் போக வர, பத்து இருபது சென்டர்ல போய் டேட்டா எப்படி இருக்குன்னு பாக்க, பவர் கால்குலேஷனுக்கு (எத்தனை சென்டர் எடுத்தா எஃபெக்ட் தெரியும்ங்கற கணக்கு) உண்மையான இன்ட்ரா-க்ளஸ்டர் கோரிலேஷன் (ஒரே கூட்டத்துல இருக்கறதெல்லாம் எவ்வளவு ஒரே மாதிரி இருக்குங்கற நம்பர்) எடுக்க அது போதும். இந்த கடைசி விஷயத்தை லேசா நினைக்காதீங்க. வெளிநாட்டுல இருந்து டிசைன் போடறவங்க பல சமயம் எங்கயோ எடுத்த நம்பரை வெச்சு 200 சென்டர் போதும்னு கணக்கு போட்டுடுவாங்க, இங்க ஒரே சூப்பர்வைசருக்குக் கீழ வர்ற இருபது சென்டரும் ஒரே மாதிரி இருக்கும்ங்கறது அவங்களுக்குத் தெரியாது, கடைசில எஃபெக்ட் இருந்தாலும் தெரியாம போயிடும். அந்த விஷயம் தெரிஞ்ச ஆள் நம்ம ப்ரொஃபசர். இந்த வழியோட குறை என்னன்னா கதவு ஒண்ணுதான் திறக்கும், வேற தலைப்புல பணம் வந்தா மறுபடியும் யாராவது சொல்லணும், அதோட பல இடத்துல "இன்வைட்டட்"ங்கற பேரை ரெண்டாம்தரமா பாக்கற புத்தி இருக்கு, மீட்டிங்ல அது தெரியும்.

மூணாவது வழிதான் ரொம்ப ஈஸியா நடக்கறது, அதனாலயே இதுல கொஞ்சம் நேரம் நிக்கறேன். நாமினேஷனே வேணாம், அஃபிலியேட் ஒருத்தரோட ப்ராஜெக்ட்ல கோ-பி.ஐ.யா பேர் போட்டுக்கறது (பி.ஐ.ன்னா ஸ்டடிய லீட் பண்றவர், கோ-பி.ஐ. அவரோட கூட்டாளி). கேக்க நல்லா இருக்கும், கத்துக்கலாம், பேப்பர்ல பேர் வரும், அதை வெச்சு பின்னாடி அஃபிலியேட் ஆகலாம்னு சொல்வாங்க. சில பேருக்கு அப்படி நடந்தும் இருக்கு. ஆனா நீங்க ஒரு தடவை பட்ஜெட் ஷீட்டைத் திறந்து பாக்கணும். நான் பாத்த ஒண்ணுல, எந்த இன்ஸ்டிட்யூட்னு சொல்லல, மேல வெளிநாட்டு பி.ஐ. ரெண்டு பேர், சம்மர் சேலரி ஒரு வரி, ஃப்ளைட் ஒரு வரி, ரிசர்ச் மேனேஜர், ரெண்டு ஆர்.ஏ. (ரிசர்ச் அசிஸ்டென்ட்), சர்வேயர் சம்பளம், டேப்லெட், அதுல சர்வே எடுக்கற சர்வே சி.டி.ஓ. சாஃப்ட்வேர் சப்ஸ்க்ரிப்ஷன், பதில் சொல்றவங்களுக்குக் கொடுக்கற சோப்பு டப்பா வரைக்கும் தனித்தனி வரி இருந்துது. லோக்கல் கோ-பி.ஐ. பேருக்கு நேரா சம்பளம் சைபர், ஆர்.ஏ. சைபர், பயணம்னு ஒரு சின்னத் தொகை, ரிமார்க்ஸ் கட்டத்துல "அரசு அனுமதிகளுக்கு ஒருங்கிணைப்பு". அவங்க வேலை என்னன்னு அந்த ஒரு வரியே சொல்லிடுச்சு. கேள்வி வேற எங்கயோ முடிவாயிடுச்சு, டிசைன் வேற எங்கயோ முடிவாயிடுச்சு, இவங்க கலெக்டர் ஆபீஸ்ல லெட்டர் வாங்கித் தரணும். பேப்பர் வந்தப்போ ஆத்தர் லிஸ்ட்லயும் இல்ல, நன்றி சொல்ற அடிக்குறிப்புல இருந்தாங்க.

அதனால கோ-பி.ஐ. வழியை மோசம்னு சொல்லல, ரெண்டு விஷயத்தை முன்னாடியே எழுத்துல வாங்கிக்காம போகாதீங்கன்னு சொல்றேன். கேள்விகள்ல ஒண்ணாவது அவங்களோடதா, அவங்க கையெழுத்துல செலவாகற பட்ஜெட் ஏதாவது இருக்கா. ரெண்டும் இருந்தா நல்ல வழி. அமெரிக்க எகனாமிஸ்டுங்க சங்கம் நடத்தற ஏ.இ.ஏ. ரெஜிஸ்ட்ரியில ட்ரையலை பதியும்போதே பி.ஐ. யார்னு போடணும் இல்லையா, அங்க பேர் போட்டாச்சான்னு பாத்துக்குங்க, பேப்பர் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

நாலாவது, தனியா ஒரு ஸ்காலர் திட்டம். ஜே-பால் ஆப்பிரிக்காவுக்குன்னு ஆஃப்ரிக்கன் ஸ்காலர்ஸ் ப்ரோக்ராம்னு வெச்சிருக்காங்க, அங்க இருக்கற யுனிவர்சிட்டிக்காரங்களுக்கு பணமும் மென்டரும் ட்ரெய்னிங்கும் சேத்து. சேகா கிழக்கு ஆப்பிரிக்க ஆட்களை ஒரு செமஸ்டர் பெர்க்லிக்கே கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சாங்க, க்ளாஸ்ல உக்காரலாம், செமினார்ல பேசலாம், டிசைனை கையோட யாராவது கிழிச்சுத் தருவாங்க. இதுல எனக்குப் பிடிச்சது மூணும் ஒண்ணா வருதுங்கறது. அதுக்குப் பின்னாடி இருக்கற வெட்கக்கேடும் ஊருக்கே தெரிஞ்சதுதான், கென்யாவுல புசியா மாவட்டத்துல 75 ஸ்கூல்ல குடற்புழு மாத்திரை ட்ரையல் 1998ல ஆரம்பிச்சு உலகப் புகழ் ஆச்சு, அந்த மாதிரி ட்ரையல் அங்க நடந்த அளவுக்கு அந்த ஊர் யுனிவர்சிட்டில இருந்து லீட் பண்ற ஆட்கள் வரல. நம்ம ப்ரொஃபசருக்கு ஆப்பிரிக்கா திட்டம் பொருந்தாது, ஆனா அங்க அந்தத் திட்டம் எதை எதை சேத்துக் கொடுக்குதோ அதை இங்க ரெண்டாவது வழியோட நீங்களே ஒட்டிக்க முடியும்.

ஒட்டறதுன்னு சொன்னது ஏன்னா, உதைப்பூர்ல தடுப்பூசி ட்ரையல் ஒண்ணு நடந்துது, பானர்ஜி, டுஃப்ளோ எல்லாம் பண்ணினது, 134 கிராமம், 2010ல பப்ளிஷ் ஆச்சு. ஒண்ணும் பண்ணாத கிராமத்துல முழுசா தடுப்பூசி போட்ட குழந்தைங்க 6 சதவீதம். மாசா மாசம் தவறாம கேம்ப் நடத்தினா 18. கேம்ப்போட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லாம் முடிச்சா சாப்பிடற தட்டு செட்டுன்னு கொடுத்ததும் 39. நாமினேஷன்ங்கறது கேம்ப். கதவு திறந்திருக்குன்னு சொல்றது. பருப்பு என்னன்னு யோசிக்கறதுதான் நெட்வொர்க்குக்காரங்க யாரும் மெனக்கெடாத பகுதி.

நம்ம ஊரு யுனிவர்சிட்டில பருப்புன்னா முதல்ல நேரம். யு.ஜி.சி. விதிப்படி அசிஸ்டென்ட் ப்ரொஃபசருக்கு வாரம் 16 மணி நேரம் க்ளாஸ், அதுக்கு மேல என்.எஸ்.எஸ்., நாக் விசிட் ஃபைல், எக்ஸாம் ட்யூட்டி, பேப்பர் வேல்யூவேஷன். அமெரிக்காவுல டீச்சிங் பைஅவுட்னு கிராண்ட்ல இருந்து பணம் கட்டி க்ளாஸ்ல இருந்து விடுபடலாம், இங்க பணம் இருந்தாலும் அப்படி ஒரு தலைப்பே காலேஜ் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனுக்குத் தெரியாது. அதனால வைஸ் சான்சலர்கிட்டயோ ரெஜிஸ்ட்ரார்கிட்டயோ நெட்வொர்க் பேர்ல ஒரு லெட்டர் வாங்கி, ஒரு செமஸ்டர் பாதி லோடு, கெஸ்ட் லெக்சரருக்கு கிராண்ட்ல இருந்து சம்பளம்னு பேசி முடிக்கணும். இத நம்ம ப்ரொஃபசர் தனியா போய் கேட்டா நடக்காது, நோபல் பரிசு வாங்கினவங்க ஆரம்பிச்ச நெட்வொர்க்ல இருந்து லெட்டர்ஹெட்ல வந்தா நடக்க வாய்ப்பு இருக்கு. ஒரு சீனியர் அஃபிலியேட் செய்யக்கூடிய பெரிய உதவி மென்டரிங் போன் கால்னு நினைக்கறாங்க, இல்ல, இந்த லெட்டர்தான்.

அடுத்தது பணம் வர்ற பாதை. வெளிநாட்டுப் பணம்னாலே எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்கறதைக் கட்டுப்படுத்தற சட்டம், 2020 திருத்தத்துக்கு அப்புறம் வாங்கின பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாத்திக் கொடுக்கவும் முடியாது. முன்னாடி மாதிரி பெரிய என்.ஜி.ஓ. வாங்கி சின்ன காலேஜுக்கு பிரிச்சுக் கொடுக்கற கதை இல்ல. அதனால கிராண்ட் யார் பேருக்கு வரும், சர்வேயரை யார் வேலைக்கு எடுக்கறாங்க, ப்ரொஃபசர் யுனிவர்சிட்டிக்கு பணமே வராம ஃபீல்ட் செலவை நேரா சென்னை ஆபீஸே பண்ணிட முடியுமா, இதெல்லாம் நாமினேஷன் போகறதுக்கு முன்னாடியே பேசி வெக்கணும். எனக்குத் தெரிஞ்சு கிராண்ட் கிடைச்சும் ஒரு வருஷம் அக்கவுன்ட்ல அசையாம கிடந்த பணம் இருக்கு. ஹெல்த் பக்கம் ஸ்டடின்னா இன்னும் ஒரு படி, வெளிநாட்டுக் கூட்டுன்னா ஹெல்த் மினிஸ்ட்ரி ஸ்க்ரீனிங் கமிட்டி வழியா போகணும். அங்கன்வாடிங்கறது ஊட்டச்சத்து, பாதி எஜுகேஷன் பாதி ஹெல்த், எந்தப் பக்கம் போடறோம்ங்கறதுலயே ஆறு மாசம் முன்ன பின்ன ஆகும்.

பருப்புல மூணாவது, ஆள்பலம். ஒரு நல்ல ஆர்.ஏ.வும் ஒரு ஃபீல்ட் மேனேஜரும். பேக்-செக் (எடுத்த சர்வேல சிலதை மறுபடி போய் சரிபாக்கறது), ஹை-ஃப்ரீக்வென்சி செக் (வர்ற டேட்டாவை அப்பப்போ சரிபாக்கறது), சர்வேயர் வீட்டுலயே உக்காந்து ஃபார்ம் நிரப்பறானான்னு டைம் ஸ்டாம்ப்ல பிடிக்கறது, இதெல்லாம் ஆன்லைன் கோர்ஸ்ல வராது, பக்கத்துல ஒருத்தர் இருந்து செஞ்சாத்தான் வரும். எம்.ஐ.டி. மைக்ரோமாஸ்டர்ஸ் நல்லதுதான், நானே பல பேரை படிக்கச் சொல்லியிருக்கேன், ஆனா அதை முடிச்ச சர்டிஃபிகேட்டோட விழுப்புரத்துல பதினெட்டு சர்வேயரை காலைல ஏழு மணிக்கு மூணு வண்டில ஏத்தி அனுப்ப முடியாது.

வெளியூர்க்காரங்க டிசைன் போடறது, உள்ளூர்க்காரங்க வேலை பாக்கறதுங்கற ஏற்பாட்டை மாத்தவே முடியாதுன்னு சில பேர் பேசுவாங்க. அவங்களுக்கு சென்னையிலயே பதில் இருக்கு. 1956ல இங்க டி.பி. கீமோதெரபி சென்டர் ஆரம்பிச்சாங்க, ஐ.சி.எம்.ஆர்., டபிள்யூ.எச்.ஓ., பிரிட்டிஷ் எம்.ஆர்.சி., மெட்ராஸ் அரசு எல்லாம் சேந்து, வாலஸ் ஃபாக்ஸ்னு வெளிநாட்டு டாக்டர் தலைமையில. பேஷன்ட்டுங்கள ரேண்டமா பிரிச்சு பாதிப் பேரை சானடோரியத்துல, பாதிப் பேரை நெருக்கடியான அவங்க வீட்டுலயே வெச்சு ஒரே மாத்திரை கொடுத்தாங்க, 193 பேர். வீட்டுல இருந்தவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குணம், வீட்டு ஆளுங்களுக்கு கூடுதலா தொத்தவும் இல்லன்னு 1959லயும் 1960லயும் வந்த ரிசல்ட் உலகம் பூரா டி.பி. வைத்தியத்தையே மாத்துச்சு. எனக்கு அதைவிட முக்கியமா படறது, ஸ்டடி முடிஞ்சதும் மூட்டை கட்டல. சென்டர் இங்கயே நின்னுது, ஐ.சி.எம்.ஆர். கையில இங்க இருக்கற டாக்டருங்களும் ஸ்டாட்டிஸ்டீஷியனுங்களும் வரிசையா அடுத்தடுத்த ட்ரையலை நடத்தினாங்க, அதுதான் இன்னிக்கு சேத்துப்பட்டுல இருக்கற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஆளுக்கு பேட்ஜ் கொடுத்ததால வந்த பலன் இல்ல அது. லேபு, டேட்டா செக்‌ஷன், நிரந்தர சம்பளம், இதுங்களால வந்தது.

எல்லாத்தையும் வெச்சுப் பாத்தா, நம்ம ரெண்டாவது ஆளுக்கு நான் சொல்ற வரிசை இது. இப்ப இன்வைட்டட் ரிசர்ச்சரா எஜுகேஷன் பக்கமோ சிறு குழந்தைங்க பக்கமோ வேலை பாக்கற ஒரு இனிஷியேட்டிவுக்கு அனுப்புங்க, கூடவே ப்ரொபோசல் டெவலப்மென்ட் கிராண்ட் அப்ளிகேஷனும் ரெடியா இருக்கட்டும். அதே சமயத்துல ஒரு அஃபிலியேட்டை நம்ம ப்ரொஃபசரோட ப்ராஜெக்ட்ல கோ-பி.ஐ.யா சேத்துவிடுங்க, ஆமா, தலைகீழா, லீட் அவங்க, ஜூனியரா வந்து நிக்கறது பெரிய ஆள். தமிழ்நாட்டுலயே ரேண்டமா தேர்ந்தெடுத்த அங்கன்வாடிகள்ல கூடுதலா ஒரு பணியாளரைப் போட்டு, பாடம் நடத்தற நேரம் ரெட்டிப்பானதுன்னு கார்த்திக் முரளிதரனும் கூட இருந்தவங்களும் காட்டின ஸ்டடி இருக்கு, அதுக்கு அடுத்த கேள்வி என்னன்னு நம்ம ப்ரொஃபசரை விட நல்லா சொல்ற ஆள் கம்மி. ஒரு பைலட்டும் ஒரு ட்ரையலும் முடிஞ்சதுக்கப்புறம் ஃபுல் அஃபிலியேட்டுக்கு அனுப்பலாம், அப்ப திரும்பி வராது. முதல் ஆளை யாராவது நாமினேட் பண்ணச் சொன்னா சந்தோஷமா கையெழுத்துப் போடுங்க, ஆனா உங்க நேரத்தை அங்க செலவு பண்ணாதீங்க.

நாமினேஷன் லெட்டர்ல "மிகத் திறமையானவர், கடின உழைப்பாளி"ன்னு எழுதி அனுப்பினா கமிட்டி ரெண்டு செகண்ட்ல தாண்டிடும். எந்தக் கேள்வி, எந்த டிபார்ட்மென்ட் ஒத்துக்கும், அவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஃபீல்ட் விஷயம் ஒண்ணு, இதுவரை ட்ரையல் இல்லாததுக்குக் காரணம், அந்த ஓட்டையை யார் எப்படி அடைக்கப்போறாங்க, இவ்வளவும் ஒரு பக்கத்துல வரணும். "நான் இந்த ப்ராஜெக்ட்ல மாசம் இத்தனை மணி நேரம் உக்காருவேன்"னு நாமினேட் பண்றவர் எழுதற ஒரு வரிக்கு நாலு பாரா புகழ்ச்சியை விட வெயிட் ஜாஸ்தி. லோடு குறைக்கற பேச்சை மட்டும் தள்ளிப் போடாதீங்க, ஜூன்ல டைம்டேபிள் போட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டாங்கன்னா டிசம்பர் வரைக்கும் எந்த எச்.ஓ.டி.யும் அதைத் தொட மாட்டார்.